அன்பிளாக் செய்தும் பழையபடி வரவில்லை: பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்

தாழ்ப்பாள் (கேள்வி)

வணக்கம். ஒரே நபரை மூன்று இடத்திலும் பிளாக் செய்து, மூன்று வாரம் கழித்து மூன்றிலும் எடுத்தாயிற்று. ஆண்ட்ராய்டு போன், ஆப்கள் எல்லாம் அப்டேட் ஆனவை. இப்போதைய நிலை இது.

பேஸ்புக்: தேடினால் அவர் பக்கம் வருகிறது. நண்பர் பட்டியலில் ஆள் இல்லை. 'ஆட் ஃபிரெண்ட்' பொத்தானும் இல்லை, 'மெசேஜ்' மட்டும்தான் தெரிகிறது.

இன்ஸ்டா: என் பதிவுகளில் அவர் போட்டிருந்த பழைய கமெண்ட், லைக் எதையும் காணோம்.

வாட்ஸ்அப்: அன்பிளாக் செய்த பிறகு நான் அனுப்பியதற்கு ஒற்றை டிக். அந்த மூன்று வாரத்தில் அவர் ஏதாவது அனுப்பியிருந்தால் இனிமேல் வருமா?

கூடவே ஒன்று: பேஸ்புக்கில் வெகுநாள் முன்பு பிளாக் செய்த வேறொருவர் பெயர் பிளாக் பட்டியலிலேயே இல்லை. ஆப்பை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டும் பார்த்தாயிற்று.

நூல்கண்டு

சர்வரில் ஏறக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஒரு நாள் விட்டுப் பாருங்க, தானா சரியாகிடும்.

சாவித்துவாரம்

இல்லை நூல்கண்டு, காத்திருந்து இதில் எதுவும் திரும்பாது. பிளாக் செய்த நொடியில் நட்பு முறிகிறது. அன்பிளாக் என்பது மறுபடி தேடவும் பேசவும் வழி விடுவதோடு சரி, முறிந்ததை ஒட்டவைக்காது. ஆப்பை நீக்கிப் போடுவதும் வீண் வேலை, ஏனென்றால் பிளாக் பட்டியல் உங்கள் போனில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

பேஸ்புக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நண்பராக வேண்டுமென்றால் யாராவது ஒருவர் புதிதாக அழைப்பு அனுப்பியாக வேண்டும். பொத்தான் ஏன் இல்லை என்பதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது அவருடைய செட்டிங்கை. நட்பு அழைப்பு யார் அனுப்பலாம் என்பதற்கு அங்கே இரண்டே தேர்வுகள்: எல்லோரும், அல்லது நண்பர்களின் நண்பர்கள். அவர் இரண்டாவதை வைத்திருந்து, உங்கள் இருவருக்கும் பொதுவான நண்பர் ஒருவர்கூட இல்லையென்றால் உங்களுக்கு அந்தப் பொத்தான் வராது. முன்பு நண்பராக இருந்த காலத்தில் இது கண்ணில் பட்டிருக்காது, அவ்வளவுதான். வழி சுலபம்: 'மெசேஜ்' இருக்கிறதே, அதில் சொல்லி அவரையே அழைப்பு அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பக்கமும் இதே கட்டுப்பாடு இருந்தால் அதைத் தற்காலிகமாக 'எல்லோரும்' என்று மாற்றிவையுங்கள், இல்லாவிட்டால் அவருக்கும் பொத்தான் தெரியாது.

அடுத்து மெசஞ்சர். மெனு, 'செட்டிங்ஸ் அண்ட் பிரைவசி', 'செட்டிங்ஸ்', அதில் கீழே இறங்கினால் 'பிளாக்கிங்'. உள்ளே ஆட்களை பிளாக் செய்த பட்டியல் தனி, மெசேஜை மட்டும் பிளாக் செய்த பட்டியல் தனி. முதலில் மெசஞ்சரில் மட்டும் தடுத்துவிட்டு, பிறகு கோபத்தில் முழுதாகவும் தடுத்திருந்தால் (பலர் செய்வது இதைத்தான்) இரண்டிலும் பெயர் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை மறந்துவிட வேண்டாம்.

இரண்டு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அன்பிளாக் செய்தால் அதே நபரை மறுபடி பிளாக் செய்ய 48 மணி நேரம் ஆகும். அதுவரை பேஸ்புக் விடாது. 'சும்மா எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டுவிடலாம்' என்று நினைப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். இரண்டாவது, முன்பு ஒருவரையொருவர் டேக் செய்தவை திரும்பி வரக்கூடும். வேண்டாதவற்றை 'ஆக்டிவிட்டி லாக்' போய் நீக்கிவிடலாம்.

ஒற்றைடிக்

வாட்ஸ்அப் கேள்விக்கு நான் சொல்கிறேன்.

அந்த மூன்று வாரத்துச் செய்திகள் வராது. போன் அணைந்திருக்கும்போது வரும் செய்தியையும் பிளாக்கில் இருக்கும்போது வரும் செய்தியையும் ஒன்றாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. போன் அணைந்திருந்தால் வாட்ஸ்அப் சர்வர் அதை 30 நாள் வரை வைத்திருந்து, போன் உயிர் பெற்றதும் கொண்டுவந்து சேர்க்கும். பிளாக்கில் இருந்தபோது அனுப்பியது அப்படி வரிசையில் நிற்பதில்லை. அவர் திரையில் அது என்றைக்கும் ஒற்றை டிக்காகவே கிடக்கும். முக்கியமானது ஏதாவது இருந்தால் அவரைத் திரும்ப அனுப்பச் சொல்வது தவிர வேறு வழி இல்லை. அழைப்புகளும் அப்படியே: அவர் பக்கம் மணி அடித்ததுபோல் இருந்திருக்கலாம், உங்களுக்கு வந்திருக்காது.

இரண்டு பேரும் உள்ள குரூப்பில் அவர் போட்டவை மட்டும் விதிவிலக்கு. பிளாக் இருந்தாலும் குரூப் செய்தி வந்துகொண்டுதான் இருக்கும். அங்கே தேடிப் பாருங்கள்.

இப்போது உங்கள் ஒற்றை டிக். அவரும் உங்களை பிளாக் செய்திருக்கலாம், உண்மைதான். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். இணையம் இல்லை, போன் அணைந்திருக்கிறது, எண்ணை மாற்றிவிட்டார், எதற்கும் ஒற்றை டிக்தான். படம் தெரியவில்லை, கடைசியாகப் பார்த்த நேரம் தெரியவில்லை என்பதும் தனியாகச் சான்று ஆகாது: அவற்றை 'மை காண்டாக்ட்ஸ்' என்று வைத்திருப்பவர் போனில் உங்கள் எண் இல்லாவிட்டாலும் மறைந்துவிடும். உங்கள் கடைசி நேரத்தை நீங்களே மறைத்திருந்தால் மற்றவருடையதும் உங்களுக்குத் தெரியாது, அதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தெளிவின்மை பிழையல்ல. தடுத்தவரைக் காக்க வாட்ஸ்அப் வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறது.

பட்டியலை உறுதிசெய்ய: மேலே மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி, கீழே இறங்கினால் 'பிளாக்டு காண்டாக்ட்ஸ்'. போனின் டயலரில் எண்ணைத் தடுத்திருந்தால் அது வேறு விஷயம். சாதாரண அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் வர அதையும் தனியே எடுக்க வேண்டும்.

கண்ணாடிச்சில்லு

இன்ஸ்டாவுக்குச் சுருக்கமாக: பழைய லைக், கமெண்ட் திரும்ப வராது. பிளாக் செய்யும்போதே உங்கள் பதிவுகளிலிருந்து அவை அகற்றப்படுகின்றன, எடுத்தாலும் மீட்கப்படுவதில்லை. இருபக்கமும் ஃபாலோவும் போயிருக்கும். அவர் கணக்கு பிரைவேட் என்றால் நீங்கள் ரிக்வெஸ்ட் அனுப்பி அவர் ஏற்க வேண்டும். உங்களுடையதும் பிரைவேட் என்றால் அவரும் அதையே செய்ய வேண்டும்.

பிளாக் செய்தபோது 'அவருடைய மற்ற கணக்குகளும், இனி உருவாக்குபவையும்' என்ற தேர்வில் விரல் வைத்திருந்தால், பட்டியலில் அவருடைய வேறு கணக்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். புரொஃபைல், மூன்று கோடு, 'பிளாக்டு'.

தாழ்ப்பாள்

நன்றி. மெசஞ்சர் பட்டியலில் பெயர் இருந்தது, எடுத்துவிட்டேன். பொது நண்பர் யாரும் இல்லை, ஆக சாவித்துவாரம் சொன்னது பொருந்துகிறது.

பட்டியலில் காணாமல்போன அந்த இன்னொருவர் பற்றி? யார் என்னை பிளாக் செய்திருக்கிறார்கள் என்று காட்டும் ஆப் ஒன்று கண்ணில் பட்டது. அதைப் போட்டுப் பார்க்கலாமா?

சாவித்துவாரம்

வேண்டவே வேண்டாம். யார் உங்களைத் தடுத்தார்கள் என்ற பட்டியலை பேஸ்புக்கோ இன்ஸ்டாவோ வெளியாருக்குத் தருவதில்லை. அப்படிக் காட்டுவதாகச் சொல்லும் ஆப் உங்களிடம் கேட்பது பாஸ்வேர்டை. ஏற்கனவே கொடுத்துவிட்டிருந்தால் உடனே பாஸ்வேர்டை மாற்றி, எந்தெந்தக் கருவிகளில் லாகின் ஆகியிருக்கிறது என்ற பட்டியலில் தெரியாத கருவிகளை வெளியேற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

பட்டியலில் பெயர் இல்லாததற்கு வழக்கமான காரணம் அவர் கணக்கை முடக்கியிருப்பது அல்லது அழித்திருப்பது. பெயரை மாற்றியிருந்தால் பழைய பெயரில் தேடிப் பயனில்லை, பட்டியலை வரிசையாகப் படியுங்கள். நீங்கள் ஒரு பேஜ் நடத்துபவர் என்றால், பேஜுக்கு மாறிய நிலையில் தடுத்தீர்களா என்றும் யோசியுங்கள். பேஜில் தடுத்தவர் உங்கள் சொந்தப் புரொஃபைலின் பட்டியலில் வரமாட்டார்.

அவர் உங்களைத் தடுத்திருக்கிறாரா, கணக்கே இல்லையா என்று பிரித்தறிய ஒரே நம்பகமான வழி இரண்டாவது ஒரு ஜோடிக் கண்: நம்பிக்கையான ஒருவரைத் தன் கணக்கிலிருந்து தேடச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியவில்லை என்றால் தடுப்புதான் காரணமாக இருக்கும். அவருக்கும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் கணக்கு உயிரோடு இல்லை.

வால்மீன்

இடையில் நுழைகிறேன். எக்ஸ் தளத்தில் பிளாக் செய்த ஒருவர் என் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுகிறார். பிளாக் வேலை செய்யவில்லையா, வேறு கணக்கில் வருகிறாரா?

கண்ணாடிச்சில்லு

வேறு கணக்கே தேவையில்லை. 2024 நவம்பரில் அங்கே விதி மாறிவிட்டது. உங்கள் கணக்கு பொதுவானதாக இருந்தால், நீங்கள் தடுத்தவரும் பதிவுகளைப் படிக்கலாம். பதில் போடுவது, லைக், ரீபோஸ்ட், ஃபாலோ, நேரடிச் செய்தி, இவைதான் முடியாது. படிப்பதையே தடுக்க வேண்டுமென்றால் கணக்கை பூட்டிவைக்க வேண்டும்: 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் சேஃப்டி', அதில் போஸ்ட்களைப் பாதுகாக்கும் தேர்வு. பிறகு ஃபாலோயர் பட்டியலையும் ஒரு முறை சலித்துவிடுங்கள். ஏற்கனவே உள்ளே இருப்பவர்களுக்குப் பூட்டு கிடையாது.

ஃபாலோயர் ஒருவரைச் சத்தமில்லாமல் நீக்க பிளாக் செய்து உடனே எடுக்கும் பழைய தந்திரம் இன்றும் சிலர் செய்கிறார்கள். எக்ஸிலும் இன்ஸ்டாவிலும் ஃபாலோயரை நேரடியாக நீக்கும் தேர்வே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பேஸ்புக்கில் இந்தத் தந்திரத்தைச் செய்தால் 48 மணி நேரச் சிக்கல் வேறு.

ஒற்றைடிக்

தாழ்ப்பாளுக்கு இன்னொன்று. அடுத்த முறை மனம் கசந்தால் இன்ஸ்டாவில் பிளாக்குக்கு முன்னால் 'ரெஸ்ட்ரிக்ட்' போடுங்கள். அவர் போடும் கமெண்ட் அவருக்கு மட்டும் தெரியும், நீங்கள் அனுமதித்தால்தான் மற்றவருக்கு. செய்தி ரிக்வெஸ்ட் பெட்டிக்குப் போகும். நீங்கள் படித்தீர்களா, ஆன்லைனில் இருக்கிறீர்களா என்பதும் அவருக்குத் தெரியாது. ஃபாலோ முறியாது, பழைய லைக் அழியாது. எடுத்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். கண்ணில் படாமல் இருந்தால் போதுமென்றால் 'மியூட்' அதைவிட லேசு. ஆனால் மிரட்டல், ஆபாசம் என்றால் இதிலெல்லாம் நேரம் கழிக்காமல், ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ரிப்போர்ட் செய்து, அப்புறம் பிளாக். அந்த வரிசையில் செய்தால்தான் ஆதாரம் முதலில் உங்கள் கைக்கு வரும்.

தாழ்ப்பாள்

வாட்ஸ்அப்பில் இப்போது இரண்டு டிக் வந்துவிட்டது, போன்தான் அணைந்திருந்திருக்கிறது. பேஸ்புக்கில் அழைப்பும் அனுப்பிவிட்டார். ஏற்கலாம், ஆனால் என் பழைய பதிவுகளை எல்லாம் அவர் பார்ப்பதில் இன்னும் தயக்கம். 48 மணி நேரத்துக்குள் பிளாக்கும் முடியாது. நடுவழி ஏதாவது?

சாவித்துவாரம்

இருக்கிறது. ஏற்றவுடன் அவர் பக்கத்தில் 'ஃபிரெண்ட்ஸ்' பொத்தானை அழுத்தி, பட்டியல்களைத் திருத்தும் இடத்தில் 'ரெஸ்ட்ரிக்டட்' என்பதில் அவரைச் சேர்த்துவிடுங்கள். நண்பர் என்று பெயர் இருக்கும், ஆனால் நீங்கள் 'பப்ளிக்' என்று போட்டவையும் அவரை டேக் செய்தவையும் மட்டும் தெரியும். அவருக்கு இது பற்றிய அறிவிப்பு போகாது.

பழைய பப்ளிக் பதிவுகள்தான் தயக்கம் என்றால், பிரைவசி செட்டிங்கில் பழைய பதிவுகளை மொத்தமாக நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கும் வசதி உண்டு. அதைச் செய்துவிட்டால், ரெஸ்ட்ரிக்டட் பட்டியலில் உள்ளவருக்கு அவையும் தெரியாது. ஒரே அழுத்தில் ஆகிவிடும், ஆனால் ஒரே அழுத்தில் திரும்பாது: பிறகு பப்ளிக் ஆக்க ஒவ்வொரு பதிவாகத்தான் மாற்ற வேண்டும். பேர் தெரிந்த பத்துப் பதிவுதான் உறுத்துகிறது என்றால் அந்தப் பத்தை மட்டும் கையால் மாற்றுங்கள்.