இண்டர்வியூல "எந்த தெரு"ன்னு கேக்குறாங்க, சம வாய்ப்பு கொள்கைன்னு ஒரு பேப்பர் எழுதுனா இது மாறுமா?

பாளைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க. நான் திருநெல்வேலிக்கு வெளிய ஒரு கம்பெனில ஹெச்ஆர்ல நாலு வருஷமா இருக்கேன். எங்ககிட்ட சரக்கு எடுக்குற இங்கிலாந்து பார்ட்டி போன வாரம் மெயில் போட்டாங்க, உங்க கம்பெனில சம வாய்ப்பு கொள்கை எழுத்துல இருக்கணும், அனுப்புங்கன்னு. மேனேஜர் என்னைக் கூப்ட்டு நெட்ல ஒண்ண எடுத்து நம்ம கம்பெனி பேர போட்டு சாயந்தரத்துக்குள்ள அனுப்பிருன்னு சொல்லிட்டாரு. நானும் எடுத்தேன், நாலு பக்கம், இனம் மதம் சாதி பாலினம் எதையும் பாக்க மாட்டோம்னு அழகா இருக்கு. ஆனா அனுப்ப மனசு வரல.

ஏன்னா அதுக்கு மொத நாள்தான் ஒரு பிள்ளை இண்டர்வியூக்கு வந்துச்சு. டிப்ளமோ முடிச்சிருக்கு, கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்குனு பதில் சொல்லுது. கடைசில எங்க சூப்பர்வைசர் "ஊரு எது தாயி"ன்னாரு. சொல்லிச்சு. "ஊர்ல எந்த பக்கம், கோயிலுக்கு மேக்கயா கெழக்கயா"ன்னாரு. அந்த பிள்ளை கையில இருந்த ஃபைல மூடி மடில வச்சுக்கிட்டு அப்புறம்தான் பதில் சொல்லிச்சு. அவரு அப்ளிகேஷன் மூலைல பென்சில்ல சின்னதா ஒரு எழுத்து போட்டாரு. பிறகு நான் பழைய ஃபைல எல்லாம் எடுத்துப் பாத்தா ஒவ்வொண்ணுலயும் அந்த பென்சில் எழுத்து இருக்கு. என்னோடதுலயும் இருக்கு. எனக்கு அன்னைக்கு வேலை கிடைச்சது ஏன்னு நாலு வருஷமா நான் யோசிக்கவே இல்ல.

இப்ப கேள்வி இதுதான், இந்த மாதிரி கொள்கை எழுதி வச்ச எடத்துல உண்மையிலயே எதாவது மாறிருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தாமிரபரணி_தங்கச்சி:

அண்ணா, எனக்கு சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், இங்கிலாந்துல நர்ஸா இருக்கேன், அதனால அந்த பக்கத்து கதைய சொல்லுதேன். இங்க 1993 ஏப்ரல்ல ஸ்டீபன் லாரன்ஸ்னு 18 வயசு கறுப்பின பையன லண்டன்ல பஸ் ஸ்டாப்புல வச்சு வெள்ளைக்கார பசங்க குத்தி கொன்னாங்க. போலீஸ் விசாரிச்ச லட்சணம் அவ்வளவு மோசம். அத பத்தி மெக்ஃபர்சன்னு ஒரு நீதிபதி தலைமைல விசாரணை நடந்து 1999 பிப்ரவரில அறிக்கை வந்துச்சு, அதுலதான் நிறுவனத்துக்குள்ளயே ஊறிப்போன இனவெறின்னு தெளிவா எழுதுனாங்க. அதாவது ஒரு கெட்ட ஆளு இருக்கானா இல்லையாங்கறது இல்ல விஷயம், ஆபீஸோட நடைமுறை, பழக்கம், யோசிக்காம செய்யுற காரியம் எல்லாம் சேந்து ஒரு கூட்டத்துக்கு மட்டும் அநியாயமா முடியுதான்னு பாக்கணும். உங்க பென்சில் எழுத்து அதேதான்.

அதுக்கப்புறம் 2000ல இன உறவு சட்டத்த திருத்தி, இனப் பாகுபாட்ட ஒழிக்கப் பாக்குறது அரசாங்க அமைப்புக்கெல்லாம் கடமைன்னு ஆக்குனாங்க, 2010ல சமத்துவ சட்டம் வந்துச்சு. ஆனா 2023 மார்ச்ல லூயிஸ் கேஸி அம்மா அதே லண்டன் போலீஸ் பத்தி அறிக்கை குடுக்கறப்ப திரும்பவும் அதே வார்த்தையத்தான் எழுத வேண்டி இருந்துச்சு. 24 வருஷம் அண்ணா. அந்த 24 வருஷமும் கொள்கை பேப்பர் எல்லா ஸ்டேஷன்லயும் இருந்துச்சு.

ஆனா ஒண்ணும் மாறாதுன்னு சொல்ல மாட்டேன், நான் கண்ணால பாத்தது இருக்கு. இங்க அரசு ஆஸ்பத்திரிகள் எல்லாம் 2015லருந்து இன வாரியா கணக்கு எடுத்து வெளியிடணும். மொதல்ல எங்கள மாதிரி கறுப்பு, ஆசிய ஸ்டாஃப் மேல ஒழுங்கு நடவடிக்கை வர்றது வெள்ளைக்காரங்கள விட ஒன்றரை மடங்குக்கு மேல இருந்துச்சு. நம்பர் வெளிய வரவும், மெமோ குடுக்குறதுக்கு முன்னாடியே சம்பந்தமில்லாத ஒரு பெரிய அதிகாரி பேப்பர பாத்து இது தேவையான்னு கேக்கணும்னு நெறைய எடத்துல நடைமுறை கொண்டு வந்தாங்க. 2023 கணக்குல அது கிட்டத்தட்ட சமம் ஆயிருச்சு. ஆனா வேலைக்கு எடுக்குறதுல, ஷார்ட்லிஸ்ட் ஆனவங்கள்ல வெள்ளைக்காரங்களுக்கு கிடைக்கிற வாய்ப்பு அன்னைக்கும் ஒன்றரை மடங்குக்கு மேல, இன்னைக்கும் அப்படியே. ஏன்னா இண்டர்வியூ ரூம்ல "நம்ம டீமுக்கு ஒத்து வருவாங்களா"ன்னு யோசிக்கிறத யாரும் நிறுத்தி கேக்கல. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே கொள்கை, ஒரு கதவு திறந்துச்சு இன்னொண்ணு திறக்கல.

நெல்லை_எந்திரன்:

தம்பி தப்பா எடுக்காதீங்க, நமக்குத்தான் 69 சதவீதம் இடஒதுக்கீடு இருக்கே, அதுக்கு மேல தனியார்லயும் கொள்கை கிள்கைன்னா திறமைக்கு எங்க எடம்? பேர மறைச்சுட்டு ரெஸ்யூம பாருங்க, முடிஞ்சு போச்சு.

கொக்கிரகுளம் வாத்தியார்:

நெல்லை எந்திரன் தம்பிக்கு, நான் முப்பது வருஷம் இந்த ஜில்லாவுல பள்ளிக்கூடத்துல இருந்து ரிட்டையர் ஆனவன், கொஞ்சம் கேளுங்க. 69 சதவீதம் அரசு வேலைக்கும் படிப்புக்கும்தான், இவரு வேலை பாக்குற மாதிரி கம்பெனிக்கு அது கிடையாது. அரசு வேலைல அது நடக்குதுன்னா அதுக்கு காரணம் யாரோட நல்ல மனசும் இல்ல, 200 இடத்துக்கு எந்த எண்ணுல யாருன்னு ரோஸ்டர் போட்டு வச்சிருக்கு, எந்த அதிகாரியும் அத பென்சில்ல மாத்த முடியாது.

பேர மறைக்கணும்னு சொன்னீங்க. வடக்க அது உதவும், 2007ல சுகதேவ் தோரட், பால் அட்டுவெல்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க ஒரே தகுதில வேற வேற சாதி பேரு போட்டு அப்ளிகேஷன் அனுப்பிப் பாத்து, தலித் பேரு இருந்தா கூப்பிடுறது கொறையுதுன்னு காட்டுனாங்க. நம்மூர்ல 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுலயே சாதி பட்டத்த பேருக்கு பின்னால போடாதீங்கன்னு தீர்மானம் போட்டாச்சு, பேர வச்சு பாதி பேர கண்டுபிடிக்க முடியாது. அதனாலதான் "எந்த தெரு, கோயிலுக்கு எந்த பக்கம், குலதெய்வம் எது"ன்னு கேக்குறாங்க. மறைக்க வேண்டியது பேர இல்ல தம்பி, தெருவ.

நல்ல மனுஷன் நடத்துற எடத்துலயும் இது நடக்கும். நம்ம சேரன்மாதேவில வ.வே.சு. ஐயர் 1922ல குருகுலம் ஆரம்பிச்சாரு, தேசத்துக்காக எல்லாத்தையும் விட்டவர், திருக்குறள இங்கிலீஷ்ல குடுத்தவர். ஆனா அங்க பிராமண பிள்ளைங்களுக்கு தனிப்பந்தி போட்டாங்க. காங்கிரஸ் பத்தாயிரம் ரூபா தரேன்னு ஐயாயிரம் குடுத்திருந்துச்சு, எல்லார் காசுலயும் நடக்குற எடத்துல தனி எலையான்னு வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டாங்க. ஐயர் கெட்டவர்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பந்தி போட்ட மொறைதான் தப்பு.

இப்ப நம்ம கண்ணு முன்னால 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில பள்ளிக்கூட பிள்ளைய வீடு புகுந்து வெட்டுனது, தடுக்கப்போன தங்கச்சியவும் வெட்டுனது, வெட்டுனதும் பள்ளிக்கூட பிள்ளைங்கதான். அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. அதுக்கப்புறம் நீதிபதி சந்துரு தலைமைல போட்ட குழு 2024 ஜூன்ல அறிக்கை குடுத்துச்சு. பெரிய பெரிய வார்த்தைய விட எனக்கு பிடிச்சது சின்ன சின்ன விஷயம்தான், வருகைப்பதிவேட்டுல சாதி இருக்கக் கூடாது, அகர வரிசைல உக்கார வைக்கணும், சாதிய காட்டுற மாதிரி கையில கலர் கயிறு கூடாது. நான் வேலை பாத்தப்ப ரெஜிஸ்டர்ல பேருக்கு பக்கத்துல சிவப்பு மையில ஒரு குறி இருக்கும், ஸ்காலர்ஷிப்புக்காக போட்டதுன்னு நானும் தினம் அதப் பாத்துத்தான் ஆஜர் எடுத்தேன். அந்த ரெஜிஸ்டர் பெஞ்சு மேல திறந்து கெடக்கும், பிள்ளைங்க எல்லாம் எட்டிப் பாக்கும். நான் ஒருநாளும் மூடி வைக்கல.

நெல்லை_எந்திரன்:

ஐயா, தெரு விஷயம் நான் யோசிக்கல. எங்க ஆபீஸ் ஃபார்ம்லயும் "சொந்த ஊர்"னு ஒரு கட்டம் இருக்கு, அது எதுக்குன்னு இப்ப வரைக்கும் கேக்கத் தோணல.

பாளைக்காரன்:

வாத்தியார் ஐயா, தங்கச்சி, ரொம்ப நன்றி. நான் அந்த நாலு பக்கத்த அனுப்பல. ஒரு பக்கம்தான் எழுதுனேன், ஃபார்ம்ல சொந்த ஊர், தெரு, அப்பா தொழில் மூணு கட்டத்தையும் எடுக்கணும், எல்லாருக்கும் எழுதி வச்ச ஒரே பத்து கேள்விதான் கேக்கணும், மார்க் பேனாவுல போடணும், வேண்டாம்னு சொன்னா ஏன்னு ஒரு வரி எழுதி கையெழுத்து போடணும். மேனேஜர் படிச்சுட்டு "அட்ரஸ் இல்லாம எப்படிடே பஸ் ரூட்டு போடுறது"ன்னாரு, சேந்ததுக்கு அப்புறம் வாங்கிக்கலாம் சார்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு சூப்பர்வைசர கலந்துக்கிட்டு சொல்லுதேன்னாரு.

தாமிரபரணி_தங்கச்சி:

அண்ணா, வேண்டாம்னு எழுதுற அந்த ஒரு வரிய மட்டும் விட்டுக் குடுத்துராதீங்க. அவங்க மத்தத எல்லாம் ஒத்துக்கிட்டு அதத்தான் எடுக்கச் சொல்லுவாங்க, இங்கயும் அப்படித்தான் சொன்னாங்க. அந்த பிள்ளைக்கு என்ன பதில் போச்சு?

பாளைக்காரன்:

இன்னும் போகல. ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு. பென்சில் எழுத்த அழிக்கல, திங்கக்கெழமை மேனேஜர் முன்னால வச்சு இது என்ன சார்னு கேக்கப்போறேன்.