கராஜ் கோல்ஃப் சிமுலேட்டர்: திரையில் பட்ட பந்து ஆளை நோக்கித் திரும்பினால்

அனுபவப் பகிர்வு. சிமுலேட்டர் என்றால் மைதானத்தின் படம் விழும் திரைமேல் நிஜப் பந்தை அடித்து வீட்டுக்குள்ளேயே ஆடும் அமைப்பு. வட அமெரிக்க வீடுகளின் கராஜ், பேஸ்மென்ட் அமைப்புகளில் கண்டதும் சரிசெய்ததும் மட்டும்.

பதிவு 1: சத்தம்

பந்து திரும்பி வருகிறது என்றதும் எல்லோரும் முதலில் திட்டுவது திரைத் துணியை. விலை கூடின மூன்றடுக்குத் துணியை மாட்டிய பிறகும் அதே கதைதான் என்றால் கோளாறு துணியில் இல்லை. இன்னொரு துணிக்குக் காசு போடும் முன் காதைத் தீட்டிக்கொண்டு பத்துப் பந்து அடித்துப் பாருங்கள்.

'தொப்' என்று அமுங்கின சத்தம் வந்து, பந்து திரையின் காலடியிலேயே விழுந்தால் எதையும் தொட வேண்டாம். 'டம்' என்று மத்தளம் மாதிரி ஒலித்தால் திரை விறைப்பாகக் கட்டியிருக்கிறது. 'தொப்-தட்' என்று ஒட்டிக்கொண்டு இரண்டு சத்தம் வந்தால் திரை பின்னால் போய்ச் சுவரைத் தொடுகிறது. 'டங்' என்றால் பந்து திரைச் சட்டத்தின் பைப்பில் படுகிறது. நோய் வேறு, மருந்தும் வேறு.

சுவரைத் தொடுகிறதா என்ற சந்தேகத்தைத் தீர்க்க ஒரு எளிய வழி: சமையலறை அலுமினியத் தாளைச் சுவரில், பந்து படும் உயரத்துக்கு நேராக, டேப் போட்டு ஒட்டுங்கள். டிரைவரால் (பந்தை மிக வேகமாக அடிக்கும் நீளமான மட்டை) ஐந்து பந்து. தாளில் பந்து அளவுக்கு வட்டப் பள்ளம் விழுந்திருந்தால் பதில் கிடைத்துவிட்டது. வெட்ஜ் (பந்தை உயரமாக, மெதுவாகத் தூக்கும் மட்டை) வைத்துச் சோதித்து விட்டுவிடாதீர்கள். வெட்ஜுக்குத் தொடாத சுவரை டிரைவர் தொடும்.

ஏன் இடைவெளி இவ்வளவு முக்கியம்? கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. சுமாராக ஆடுபவர் டிரைவரால் அடிக்கும் பந்து நொடிக்கு 60 மீட்டர், அதாவது மணிக்கு 134 மைல் வேகத்தில் போகும். அதில் ஏறக்குறைய 83 ஜூல் ஆற்றல் இருக்கிறது. திரை 30 செ.மீ. பின்வாங்கி அதை நிறுத்தினால் சராசரியாக 28 கிலோ பாரம் தாங்குகிற கணக்கு. 10 செ.மீ.க்குள் நிறுத்த வேண்டி வந்தால் 84 கிலோ. அதனால்தான் பின்னால் 12 இன்ச் என்பது குறைந்தபட்சம். 16 முதல் 18 இன்ச் விட முடிந்தால் விட்டுவிடுங்கள். அறை நீளம் போதவில்லை என்று இந்த 12 இன்ச்சில் கை வைப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

பதிவு 2: இறுக்கம்

மத்தளச் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் படம் சுருக்கமில்லாமல் தெரியணும் என்கிற ஆசைதான். நாலு பக்கமும் விண்ணென்று இழுத்துக் கட்டினால் படம் தியேட்டர் மாதிரி இருக்கும், பந்து டிராம்போலின்ல குதிச்ச மாதிரி வரும்.

செய்ய வேண்டியது: திரையைச் சட்டத்தோடு கட்டியிருக்கிற எல்லா பங்கி கயிற்றையும் (நீளும் ரப்பர் கயிறு) அவிழ்த்துவிட்டு மேலேயிருந்து மறுபடி தொடங்குங்க. கிராமெட் ஓட்டைகள் (துணி ஓரத்தில் உலோக வளையம் போட்ட ஓட்டைகள்) ஒரு அடிக்கு ஒன்று இருக்கும்னு வைத்துக்கொண்டால், மேல் வரிசையில் எல்லா ஓட்டைக்கும் 6 இன்ச் பங்கி. பக்கங்களில் 8 அல்லது 9 இன்ச், அதுவும் ஒன்று விட்டு ஒன்று. கீழ் விளிம்பைக் கட்டவே வேண்டாம். துணி தரையைத் தொட்டு இன்னும் நாலு இன்ச் மிச்சம் இருக்கிற மாதிரி தொங்கவிட்டு, அந்த மிச்சத்தைப் பின்பக்கமாக மடித்து விடுங்க. பந்து பட்டதும் கீழ்ப்பகுதி முழுவதும் பின்னால் ஊஞ்சலாடிப் போய் வரும். பந்தோட வேகம் அந்த ஆட்டத்தில்தான் கரையுது.

அளவு பார்க்க உள்ளங்கை போதும். திரையின் நடுவில் லேசாக அழுத்தினால் அரைச் சாணாவது உள்ளே போகணும். போகலைன்னா பக்கத்துக் கயிறுகளில் இன்னும் ஒரு ஜோடியைக் கழட்டுங்க.

பங்கி தீர்ந்துபோச்சுன்னு ஜிப் டை (இழுத்து இறுக்கும் பிளாஸ்டிக் பட்டை) போடுவது இரண்டு விதத்தில் தப்பு. அது கொஞ்சமும் நீளாது, அதனால் பந்து திரும்பும். அந்த அதிர்ச்சி முழுக்க கிராமெட்டில் இறங்கி, சில நாளில் ஓட்டை கிழிந்து துணியோடு வந்துவிடும். அதே மாதிரி கீழே பாரத்துக்குச் சங்கிலி கோர்ப்பதும் வேண்டாம். தாழ்வாகப் போன பந்து சங்கிலியில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும்னு சொல்லவே முடியாது.

பெட்டியில் மடிந்து வந்த தடத்தைச் சுருக்கம்னு நினைத்து இறுக்குகிறவர்கள் உண்டு. ஸ்டீமரை ஒரு முறை காட்டினால் போய்விடும்.

பதிவு 3: பின்னால் போர்வை

சுவர் தள்ளிப்போகாது, திரையையும் முன்னால் கொண்டுவர முடியாது என்ற நிலையில் கைகொடுப்பது வீடு மாற்றுகிறவர்கள் சாமான் மேல் போர்த்தும் மெத்தைப் போர்வை. 72-க்கு 80 இன்ச் அளவில் கிடைக்கும். 10 அடித் திரைக்கு இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று ஓரடி ஏறுமாறு. திரைச் சட்டத்திலேயே கட்டாமல், அதற்குப் பின்னால் தனியாக ஒரு பைப் அல்லது கம்பி இழுத்து அதில் மாட்டவும். மேல் பக்கம் மட்டும்தான் கட்டு; கீழே சும்மா தொங்கட்டும்.

திரைக்கும் போர்வைக்கும் நடுவே 5 அல்லது 6 இன்ச். போர்வைக்கும் சுவருக்கும் நடுவேயும் அதே அளவாவது. திரை முதலில் தன் பங்குக்கு வேகத்தைக் குறைக்கும், மிச்சத்தைப் போர்வை வாங்கிக்கொள்ளும். சத்தமும் குறையும், மாடியில் குழந்தை தூங்கினால் அதற்காகவே போடலாம்.

போர்வைக்குப் பதில் சுவரிலேயே அரை இன்ச் ஃபோம் ஓடு ஒட்டிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அரை இன்ச் ஃபோம் ஒரே அடியில் நசுங்கித் தட்டையாகி, பந்து சுவரைத்தான் சந்திக்கும். தொங்குகிற துணி நகர்ந்து கொடுக்கிறது, ஒட்டின ஃபோம் நகர்வதில்லை.

பதிவு 4: மேலே சொன்னதற்கு ஒரு திருத்தம்

போர்வையைத் திரையின் முதுகில் படும்படி மாட்டி நல்ல பலன் கண்ட அமைப்புகளும் உண்டு. ஆனால் அது தளர்வாகத் தொங்கும் திரைக்குத்தான். ஏற்கெனவே விறைப்பாக இருக்கும் திரையின் பின்னால் ஒட்டி வைத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே கெட்டிப் பலகையாக நடந்துகொள்ளும். ஆகவே பதிவு 2 முதலில், பதிவு 3 அப்புறம்.

போர்வை வேண்டாம் என்பவர்களுக்கு வில்வித்தைப் பயிற்சியில் அம்பு பிடிக்கும் வலை இன்னொரு வழி. 10 அடி இடத்துக்கு 12 அடி வலை எடுத்துக் கொசுவி மாட்ட வேண்டும். இழுத்துக் கட்டின வலை இன்னொரு திரைதான், வேறொன்றுமில்லை.

பதிவு 5: தரைச் சரிவு

திரை, பைப், சுவர் எல்லாம் சரியாக இருந்தும் பந்து உருண்டு கால்மாட்டுக்கே வருகிறதா? ஒரு பந்தைத் தரையில் வைத்துக் கையை எடுங்கள். கராஜ் தளத்தை மழைத்தண்ணீரும் பனி உருகின தண்ணீரும் வெளியே போக வசதியாகக் கதவை நோக்கிச் சரித்துத்தான் போடுவார்கள். அடிக்கு எட்டில் ஒரு பங்கு இன்ச் என்பது சகஜம். திரை வீட்டுப் பக்கச் சுவரில், ஆள் கதவுப் பக்கம் என்றால் 10 அடியில் ஒன்றேகால் இன்ச் இறக்கம் உங்களை நோக்கி. பந்து வராமல் என்ன செய்யும்?

திரைக் காலடியிலிருந்து மூன்று அடிக்கு, அடர்ந்த புல்விரிப்பின் அடியில் ஒட்டாத மெத்தென்ற ஃபோம் பட்டையைப் போட்டு, அதன் முன் விளிம்பில் இரண்டு இன்ச் உயரத்துக்கு ஒரு வரப்பு மாதிரி தூக்கிவிடுங்கள். வயலில் தண்ணீரை மறிக்கிற வேலைதான். அடிக்கும் மேடையையும் ஒன்றரை இன்ச் உயர்த்திவிட்டால் தப்பி வருகிற பந்தும் மேடை ஓரத்தில் நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: வரப்புக்குள் மரக்கட்டை வைக்காதீர்கள். மட்டை பந்தின் உச்சியில் பட்டதால் தரையோடு சீறிப் போகிற பந்து கட்டையில் மோதினால் நேரே முழங்காலுக்கு வரும். ஃபோம் மட்டும்.

பதிவு 6: வெட்ஜ் மட்டும் திரும்புவது ஏன்?

டிரைவர் பந்து சமர்த்தாக விழுகிறது, மெதுவாகப் போகிற வெட்ஜ் பந்துதான் ஓடி வருகிறது என்று குழம்புபவர்களுக்கு. வெட்ஜ் பந்து நிமிடத்துக்கு 9000 சுற்று வாக்கில் பின்சுழற்சியோடு போகும். திரையில் பட்டதும் திசை மாறுகிறதே தவிர சுழற்சி முழுதும் நிற்பதில்லை. போகும்போது பின்சுழற்சியாக இருந்தது, உங்களை நோக்கி வரும்போது முன்சுழற்சியாகிவிடுகிறது. பம்பரம் தரையைப் பிடித்த மாதிரி, விழுந்த இடத்திலிருந்து பந்து கிளம்பி ஓடும். இதைத் திரையில் சரிசெய்ய முடியாது. பதிவு 5-இன் வரப்புதான் வழி.

பறந்தே வருகிறதென்றால் அது வேறு. பந்து தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் திரையைத் தொட்டால் கீழே விழ அரை நொடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள், நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் திரும்பினால் 1.1 மீட்டர் தாண்டும். 4 மீட்டர் என்றால் 2.2, 6 மீட்டர் என்றால் 3.3. ஆள் நிற்பது திரையிலிருந்து 3 மீட்டரில் என்றால் கடைசிக் கணக்கில் பந்து தரையைத் தொடுமுன் காலைத் தொடும். திரும்பின பந்து முதலில் தரையைத் தொடுவது எங்கே என்று டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்துப் பந்து. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

வெட்ஜ் உயரமாகப் போவதால் மேல் ஓரத்தில் படும். அங்கே பைப் பக்கத்திலிருப்பதால் துணிக்கு அசைய இடமில்லை. திரைக்கு மூன்று அடி முன்னே கூரையிலிருந்து ஒரு தளர்ந்த வலையைத் தொங்கவிட்டால் அந்த மூலை அடைபடும்.

பதிவு 7: பைப்

சட்டத்துக்குப் போடும் ஒரு இன்ச் ஈ.எம்.டி. பைப்பின் (மின்கம்பி போகும் மெல்லிய உலோகக் குழாய்) வெளிவிட்டம் 1.163 இன்ச். ஒரு இன்ச் தாமிரக் குழாய்க்கு என்று விற்கும் ஃபோம் உறை அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் உறையை நம்பி இருந்துவிடாதீர்கள். பதிவு 3-இல் சுவருக்குச் சொன்னதேதான் இங்கும். பந்து பைப்பை எட்டாதபடி செய்வதுதான் சரி. தரைப் பைப்பைத் திரைத் தளத்திலேயே போடாமல் ஓரடி பின்னால் தள்ளிப் போடுங்கள். பக்கவாட்டில் சட்டத்திலிருந்து ஆளை நோக்கி மூன்று அடிக்குத் தளர்ந்த வலை. ஷாங்க் ஆகி (மட்டையின் கழுத்தில் பட்டு)ப் பக்கத்தில் பறக்கிற பந்தை அது வாங்கிக்கொள்ளும்.

பதிவு 8: இடம் மாற்றுவோருக்கு

பந்து வருகிறதே என்று ஆளைப் பின்னால் தள்ளும் முன் லாஞ்ச் மானிட்டரை (பந்தின் வேகத்தையும் திசையையும் அளக்கும் கருவி) யோசியுங்கள். மேவோ பிளஸ் போன்ற ரேடார் கருவிக்குப் பந்துக்குப் பின்னால் 8 அடியும், பந்திலிருந்து திரைவரை 8 அடியும் வேண்டும். பக்கத்தில் தரையில் வைக்கும் ஸ்கைடிராக் போன்ற கேமரா கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் திரும்பி வரும் பந்தின் பாதையில் அதுவே உட்கார்ந்திருக்கும். இரும்புக் கூடு போடாமல் ஒரு பந்துகூட அடிக்க வேண்டாம்.

சோதிக்கிற நாட்களில் பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பார்க்க வருபவர்கள் பக்கத்தில் அல்ல, ஆடுபவரின் பின்னால் நிற்கட்டும். வரிசை: கையால் எறிவது, வெட்ஜால் அரை வீச்சு, ஏழாம் நம்பர் அயர்ன் (நடுத்தர வேக மட்டை), கடைசியில்தான் டிரைவர்.

பதிவு 9: குளிர்காலம்

சூடாக்காத கராஜில் ஜனவரியில் திடீரென்று மத்தளச் சத்தம் கேட்டால் திரையைக் குறை சொல்லாதீர்கள். குளிரில் பங்கி ரப்பர் விறைத்துவிடும். ஹீட்டரை அரைமணி நேரம் ஓடவிட்டு மறுபடி உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அப்படியும் அரைச் சாண் போகாவிட்டால் பக்கக் கயிறுகளை மார்ச் வரை இன்னும் ஒரு ஓட்டை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். தோல் கிழிந்த பழைய பந்துகளையும் அப்போதே ஒதுக்கிவிடலாம். அவை திரும்புவதைவிடத் துணியைச் சுரண்டுவதுதான் அதிகம்.