அம்பாசடர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல்: வார்ப்பிரும்பு பற்றவைக்கத் தெரிந்தவர் வேண்டும்

அப்பா விட்டுப்போன 1984 அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். கோவையில் இருக்கிறேன். மூன்று மாதமாக எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய்) விரிசல். 2, 3 சிலிண்டர்களின் புகை சேர்ந்து வெளியேறும் நடு வாயின் விளிம்பிலிருந்து ஒரு விரல் நீளம். காலையில் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று அடிக்கும். சூடேறினால் சத்தம் குறையும், ஆனால் புகை நாற்றம் வண்டிக்குள் வருகிறது.

முதலில் தெரிந்த பட்டறையில் சாதாரண ராடில் ஆர்க் வெல்டிங். மறுநாளே ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக மயிரிழைக் கீறல். அப்புறம் வேறொருவர் நிக்கல் ராடு போட்டார். ராடு சரிதான், ஆனால் முன்சூடு கொடுக்கவில்லை. ஈரத்துணியால் வேறு ஆற்றினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'டிங்' என்றது. வயிறு கலங்கிவிட்டது. பேஸ்ட் பூசியது பத்து நாள் தாங்கியது. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் கிடைத்த இரண்டு பழைய மேனிஃபோல்டுகளும் அதே இடத்தில் வெடித்தவை.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம், பாகம் முழுவதையும் கரி அடுப்பில் சூடேற்றிப் பற்றவைத்து, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிடும் வெல்டர் யாரையாவது தெரியுமா?