கேப்சருக்குத் தமிழ்? (நெட்வேர் அச்சுக் கையேடு, அவசரம்)

அன்புள்ள குழுவினருக்கு,
நோவெல் நிறுவனத்தின் நெட்வேர் என்னும் வலையமைப்பு மென்பொருளில், ஐபிஎக்ஸ் என்ற பழைய நெறிமுறை வழியே ஓடும் அச்சு வரிசைகளை, இணையத்தின் நெறிமுறையான ஐபிக்கு மாற்றுவது பற்றிய கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அச்சுப்பொறி, வழங்கி (சர்வர்), வரிசை எல்லாம் போட்டாயிற்று. கேப்சர் என்ற கட்டளையில் நிற்கிறேன். டாஸ் நிரல், கணினியில் அச்சுப்பொறியைச் செருகும் எல்பிடி1 துறைக்கு (போர்ட்) அனுப்புவதாக நினைத்துக்கொண்டிருக்கும். கேப்சர் அதை நடுவழியில் வாங்கி, வழங்கியில் உள்ள வரிசைக்குத் தள்ளிவிடும். 'கைப்பற்று' என்றால் போலீஸ் செய்தி மாதிரி இருக்கிறது.

----

> போலீஸ் செய்தி மாதிரி

'கவர்வு' இருக்கிறதே ஐயா! இது அப்பட்டமான வெட்சி, பகைவர் மாட்டைக் கவரும் புறத்திணை. தொல்காப்பியர் கவர்தலோடு விடவில்லை, 'ஆதந்து ஓம்பல்' என்கிறார். களவில் கொண்டுவந்ததைப் பேணவும் வேண்டும். நெட்வேர் வரிசை என்பது வழங்கியின் வட்டில் ஒரு கோப்புறைதானே? அச்சு வழங்கி வந்து எடுத்துப்போகும்வரை அச்சுவேலைகள் அங்கேதான் காவலில் கிடக்கின்றன. ஐபிக்குப் போகையில் கேப்சரை நீக்குகிறோம் அல்லவா, அதற்கு, கவர்ந்த மாட்டை மீட்கும் 'கரந்தை' என்று வையுங்கள்.

----

கரந்தையில் மீட்பவர்கள் மாட்டுக்கு உரியவர்கள். இங்கே யார் மாட்டை யார் மீட்கிறார்கள்? தவிர, தொல்காப்பியத்தில் கரந்தை தனித்திணையே இல்லை, வெட்சிக்குள் அடக்கம். கரந்தையைத் தனியே எண்ணும் பன்னிரண்டு திணை, பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலைக் கணக்கு. அப்புறம், 'கவர்வு' என்று கரும்பலகையில் எழுதினால் என் வகுப்பில் பின்வரிசை முழுக்கக் 'கவர்ச்சி' என்று வாசிக்கும். 'திசைதிருப்பு' போதும்.

----

நான் சர்வர் அறையில் இருப்பவன். இங்கே யாரும் கவர்வதில்லை, திருப்புவதும் இல்லை. "கேப்சர் போட்டியா?" அவ்வளவுதான். கட்டளையாகத் தட்டப்போவதும் அதைத்தான்.

கையேட்டில் விளக்கம் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள் முதலில். ஐபிஎக்ஸில் அச்சு வழங்கி 60 நொடிக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று வலை முழுக்கக் கூவும். ஐபியில் அந்தக் கூவல் வேண்டாம். பொறிக்கு ஒரு முகவரி கொடுத்து அதன் 515ஆம் துறைக்கோ 9100ஆம் துறைக்கோ நேரே அனுப்பலாம். 1998இல் நெட்வேர் 5 வந்ததிலிருந்து ஐபிஎக்ஸ் கட்டாயமே இல்லை. விண்டோஸ்காரர்களுக்குக் கேப்சர் இல்லாமலே ஓடும். ஆனால் பில் போடும் பழைய டாஸ் நிரலுக்கு எல்பிடி1ஐ விட்டால் கதியில்லை. அதனால் ஐபிக்கு மாறினாலும் இந்தச் சொல் உங்களை விடாது.

----

சரி. முதல் இடத்தில் 'திசைதிருப்பு (கேப்சர்)', பிறகு வெறும் 'திசைதிருப்பு'. மூன்று பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு, மற்றவர்கள் மௌனம். 'கூவல்' பிடித்திருக்கிறது, அதையும் எடுத்துக்கொள்கிறேன்.

----

'கவர்வு' சொன்ன என் மறுப்பைப் பதிந்து வையுங்கள். போர்ட்டுக்கு, திணையின் உட்பிரிவுக்கும் பெயரான 'துறை' என்று எழுதுகிறவர்கள் திணையைக் கண்டு மிரளுவது வேடிக்கை. மேலும், 'கூவல்' புறநானூற்றில் கிணறு. நாளை ஒருவர் அச்சு வழங்கிக்குள் வாளியை விட்டால் நான் பொறுப்பில்லை.