விலை ஏறி நிற்கும்போது பெட்டைகளையும் விற்றுவிடலாமா?

பட்டிக்காவல்:
காளைக் கன்றுகளையும் கிடாய்களையும் விற்றாகிவிட்டது. இவ்வளவு நல்ல விலை எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. இப்போது வியாபாரி இன்னும் ஈனாத கிடேரி மாடுகளையும் பெட்டை ஆட்டுக்குட்டிகளையும் சேர்த்துக் கேட்கிறார். கொடுத்தால் கடன் முழுக்க அடைந்துவிடும். கொடுக்காவிட்டால் மந்தை பெருகும், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சுதான். பட்டறிவு உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முன்னேர்:
கொடுத்துவிடுங்கள் தம்பி. 2014 கடைசியில் அமெரிக்காவில் மாட்டு விலை அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. இன்னும் ஏறும் என்று நம்பி ஏராளமானோர் கிடேரிகளை விற்காமல் நிறுத்தினார்கள். 2016இல் சந்தை நிறைய மாடு, விலை படுத்துவிட்டது. ஊரே சேர்ந்து ஒரே நேரத்தில் மந்தையைப் பெருக்கினால், ஊர்க் கன்று எல்லாம் ஒரே நேரத்தில்தான் விற்பனைக்கு வரும். கடன் அடைகிற விலை கையில் இருக்கும்போது யோசனை எதற்கு?

தாய்மந்தை:
அண்ணா, 2014ஐப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் அது முடிவு மட்டும்தான், நடுவில் நடந்ததை விட்டுவிட்டீர்கள். நிறுத்திவைக்கிற ஒவ்வொரு கிடேரியும் இன்று வெட்டுக்குப் போகாத மாடு. ஆகவே எல்லோரும் மந்தையைப் பெருக்கத் தொடங்கினால் முதலில் வரத்து குறைந்து விலை ஏறும். இறங்குவது பிறகுதான்.

அந்தப் ‘பிறகு’ எத்தனை நாள் என்று பாருங்கள். பசுவின் சினைக்காலம் மட்டும் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். இன்று நிறுத்தும் கிடேரிக் கன்று வளர்ந்து, சினைப்பட்டு, ஈன்று, அந்தக் கன்று இறைச்சிக்குத் தேறுவதற்கு மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். அமெரிக்காவில் 2025 ஜனவரிக் கணக்கெடுப்பில் மொத்த மாடு 8 கோடியே 67 லட்சம். 1951க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. வறட்சியில் புல் காய்ந்து தாய்மாடுகளையே வெட்டுக்கு அனுப்பினார்கள், அதுதான் பெரிய காரணம். அந்தக் குழி ஒரு வருடத்தில் தூர்ந்துவிடாது.

இன்னொன்று. நம் மேய்ச்சலுக்கும் நம் தண்ணீருக்கும் பழகிய பெட்டையை விற்றுவிட்டால், அதே மாதிரி ஒன்றைத் திரும்ப வாங்க முடியாது. எந்த மாடு கன்றைச் சேர்க்கும், எந்த ஆடு இரட்டைக் குட்டி போடும் என்பதெல்லாம் நமக்குத்தான் தெரியும். வாங்கியவருக்கு அது வெறும் எடை.

முன்னேர்:
கணக்கில் குறை சொல்லவில்லை அம்மா. ஆனால் அந்த மூன்று வருடமும் சந்தை திறந்திருக்கும் என்று எப்படி நம்புகிறீர்கள்? 2025 ஜனவரியில் ஜெர்மனியில் கோமாரி வந்தது. 1988க்குப் பிறகு அங்கே எட்டிப் பார்க்காத நோய். பெர்லின் அருகே சில நீரெருமைகளில்தான் கண்டார்கள். உடனே பிரிட்டன், தென்கொரியா எல்லாம் ஜெர்மன் இறைச்சிக்குத் தடை போட்டன. அதே வருடம் மே மாதம், புண்ணில் முட்டையிட்டுப் பச்சைச் சதையைத் தின்னும் ஈப்புழு பரவுகிறது என்று மெக்சிகோ மாடுகளை அமெரிக்கா எல்லையிலேயே நிறுத்தியது. நன்றாக வளர்த்தவனும் அன்று விற்க முடியாமல் நின்றான். ஆட்டுக்கும் இதே கதை. ஆஸ்திரேலியாவில் செம்மறிகளை உயிரோடு கப்பலில் ஏற்றுமதி செய்வது 2028 மே 1 முதல் சட்டப்படி நிற்கப்போகிறது. அதை நம்பிப் பட்டி போட்டவர்கள் என்ன செய்வார்கள்?

தாய்மந்தை:
அதே ஆஸ்திரேலியாவை வைத்தே பதில் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் எல் நினோ என்று வானிலைத் துறை அறிவித்தது, அது வந்தால் அங்கே பெரும்பாலும் மழை குறையும். ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்த விலை. பயந்துபோய் இன்னும் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆனால் வருடக் கடைசியில் கிழக்குப் பக்கம் நல்ல மழை. விலை திரும்ப எழுந்துவிட்டது. அக்டோபரில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் ஜனவரியில் அதைவிடக் கூடுதல் கொடுத்து வாங்க நின்றார்கள். பயத்தில் விற்பதுதான் எனக்குப் பயம்.

எடைமேடை:
எப்போது விற்பது என்று இவ்வளவு பேசுகிறோம், எப்படி விற்பது என்று யாரும் கேட்கவில்லை. போன முறை பத்துக் காளைகளைக் கண்மதிப்பில் உருப்படிக்கு இவ்வளவு என்று கொடுத்தேன். வாங்கியவர் வண்டி ஏற்றும் வழியிலேயே எடை போட்டார். அந்தச் சீட்டைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை. ஒவ்வொன்றிலும் நான் நினைத்ததைவிட எடை கூட இருந்தது.

எடைக்கு விற்றாலும் கவனம் வேண்டும். 300 கிலோ மாட்டைத் தீவனமும் தண்ணீரும் இல்லாமல் ஒரு நாள் நிறுத்தினால் 15 கிலோவுக்கு மேல்கூட இறங்கலாம். பெரும்பாலும் வயிற்றில் இருப்பதுதான் குறைகிறது, ஆனால் பணம் நம்முடையது. எங்கே, எத்தனை மணிக்கு எடை போடுவது என்பதை விலை பேசும்போதே பேசிவிடுங்கள். பெட்டையை விற்கிறீர்களோ இல்லையோ, இது இல்லாமல் நல்ல விலை என்று எதையும் சொல்ல முடியாது.

பட்டிக்காவல்:
எடை பற்றி நான் யோசிக்கவே இல்லை. வியாபாரி உருப்படிக் கணக்கில்தான் கேட்டார். அவரிடம் பேசுகிறேன். தாய்மந்தை அக்கா, மாட்டையும் ஆட்டையும் ஒன்றாகவே பார்க்க வேண்டுமா?

தாய்மந்தை:
வேண்டாம் தம்பி. ஆடு ஐந்து மாதத்தில் ஈனும். இன்றைய பெட்டைக் குட்டி ஒன்றரை வருடத்துக்குள் தாயாகிவிடும். ஆட்டில் விட்ட மந்தையைத் திரும்பச் சேர்க்கலாம், மாட்டில் கஷ்டம். கடன் நெருக்கினால் பெட்டைக் குட்டிகளில் பாதியைக் கொடுங்கள். கிடேரியில் கை வைக்காதீர்கள்.

முன்னேர்:
ஒரு விஷயத்தை அம்மாவும் மறுக்க மாட்டார். பல் தேய்ந்த ஆடு, மடி கெட்ட பசு, இரண்டு முறை சினை நிற்காதது, இவற்றை இந்த விலையில் முதலில் தள்ளிவிடுங்கள். விலை இறங்கினால் இவற்றை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கிடேரி விஷயத்தில் என் பேச்சு மாறாது. வட்டி எவ்வளவு என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை. ஒரு கிடேரிக்கு ஈனும்வரை ஆகும் தீவனச் செலவோடு அந்த வட்டியையும் கூட்டி எழுதுங்கள். பிறகு பேசலாம்.

பட்டிக்காவல்:
இன்று இரவே எழுதிப் பார்க்கிறேன் அண்ணா. கழிக்க வேண்டியவை நான்கு பசு, ஏழு ஆடு. அவற்றை வெள்ளிக்கிழமை எடை போட்டே கொடுக்கிறேன்.