லண்டன் நைட்டிங்கேல் மருத்துவமனை ஏன் நிரம்பவில்லை?

கேள்வி:
2020 ஏப்ரல் 3 அன்று லண்டன் எக்ஸெல் கண்காட்சி அரங்கில் திறக்கப்பட்ட நைட்டிங்கேல் மருத்துவமனை, 4,000 படுக்கைகள் வரை விரிவாக்கத் திட்டமிடப்பட்டிருந்தும், கொரோனா முதல் அலையில் அறுபதுக்கும் குறைவான நோயாளிகளுக்கே சிகிச்சை அளித்தது. நகரின் மற்ற மருத்துவமனைகள் திணறிக்கொண்டிருந்தபோது இவ்வாறு நிகழ்ந்தது ஏன்?

மறுமொழி 1:
கட்டிலையும் வென்டிலேட்டரையும் விலைக்கு வாங்கலாம். தீவிர சிகிச்சைச் செவிலியரைச் சில வாரங்களில் உருவாக்க இயலாது. செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பதே பிரிட்டனில் வழக்கமான அளவு. அந்நாட்களில், பிற பணியாளர்களின் துணையோடு ஆறு பேருக்கு ஒருவர் என்ற நிலை வரை அது தளர்த்தப்பட்டது. புதிய அரங்குக்கான செவிலியர்களும், ஏற்கெனவே ஆள் போதாமல் தவித்த அதே மருத்துவமனைகளிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

மறுமொழி 2:
இதனுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பழைய மருத்துவமனைகள் அறுவை அரங்குகளையே தீவிர சிகிச்சைப் பிரிவுகளாக மாற்றி, அவசரமற்ற அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்துச் சமாளித்தன. அதற்கான விலை பெரிது: இங்கிலாந்தில் பெருந்தொற்றுக்கு முன் சுமார் 44 லட்சமாக இருந்த காத்திருப்போர் பட்டியல், 2022-இல் 70 லட்சத்தைத் தாண்டியது. வலியோடு காத்திருந்த அவர்களை நாம் கணக்கில் கொள்வதே இல்லை.

மறுமொழி 3:
எச்சரிக்கை முன்பே கிடைத்திருந்தது என்பதுதான் எனக்கு வேதனை தருகிறது. 2016-இல் நடந்த ‘சிக்னஸ்’ என்னும் காய்ச்சல் பெருந்தொற்று ஒத்திகை, நாட்டின் ஆயத்தம் போதாது என்று தெளிவாகச் சொன்னது. அந்த அறிக்கையை அரசு 2020 அக்டோபரில்தான் வெளியிட்டது.