மறு: வருமானம் நல்வாழ்வாகும் அளவுக்கு ஒரு கலைச்சொல்

> ஒரு நாடு தன் வருமானத்தை எந்த அளவுக்கு நல்வாழ்வாக மாற்றுகிறது என்று காட்டும் குணகத்துக்கு, உயர்தரப் பொருளியல் குறிப்பில் ‘செல்வ–நல்வாழ்வு மாற்று வினைத்திறன்’ என்று எழுதியிருக்கிறேன். தமிழகத்து நூல்களில் குணகத்தைக் ‘கெழு’ என்கிறார்கள். எதை வைக்கலாம், சேர்?

அன்பின் தம்பிக்கு,

குணகம் என்றே இருக்கட்டும், இலங்கையில் எங்கள் கணிதப் புத்தகத்துச் சொல் அதுதான். ‘வினைத்திறன்’தான் இடிக்கிறது. பௌதிகவியலில் பிள்ளைகள் படித்த வினைத்திறன், வெளிவந்த சக்தியை உட்சென்ற சக்தியால் வகுப்பது. நூறு வீதத்தைத் தாண்டாது. இது அப்படி வருவதில்லை.

தலா தேசிய வருமானம் கிடையச்சில், நல்வாழ்வுப் புள்ளி நிலைக்குத்தச்சில். எல்லா நாடுகளையும் குறித்து, நடுவால் ஒரு கோடு பொருத்துகிறோம். ஒரு நாட்டின் வருமானத்துக்கு அந்தக் கோடு காட்டுவது எதிர்பார்த்த பேறு. உண்மையில் கிடைத்த பேற்றை அதனால் வகுத்தால் குணகம். 1.1 என்றால், அதே வருமானத்துக்கு எதிர்பார்த்ததைவிடப் பத்து வீதம் கூட.

கிளினிக்கில் பிள்ளையை நிறுக்கும் குடும்பநல உத்தியோகத்தர் நிறையை வயதால் வகுப்பதில்லை. வகுத்தால், ஒரு வயதில் 9 கிலோவாக இருந்த பிள்ளை இரண்டு வயதில் 11½ கிலோ ஆனதும் மெலிந்துபோனதாகக் கணக்கு வரும். அந்த வயதுக்குரிய கோட்டுக்கு மேலா கீழா என்றுதான் பதிவேட்டில் புள்ளி வைக்கிறார். நாட்டையும் வருமானத்தால் நேரே வகுத்தால் மிக ஏழை நாடுகளே முன்னுக்கு நிற்கும்.

ஆகவே என் முன்மொழிவு: நலப்பேற்றுக் குணகம். ‘செல்வம்’ வேண்டாம். அது சேர்ந்திருக்கும் இருப்பு. நாம் எடுப்பது ஒரு வருடத்து வருமானம்.

> ‘பேறு’ என்றால் அதிர்ஷ்டம் என்று படாதா?

‘கற்றற்பேறு’, அதாவது கற்றலின் விளைவு, ஆசிரியர் வழிகாட்டிகளில் நாளாந்தம் புழங்குகிறது. அங்கே அதிர்ஷ்டம் என்று ஒருவரும் வாசிப்பதில்லை.

> மனித அபிவிருத்திச் சுட்டெண்ணையே நல்வாழ்வுப் புள்ளியாக எடுக்கலாமா?

அப்படியே எடுக்காதீர்கள். அதன் மூன்று கூறுகளில் ஒன்று வருமானம்; கிடையச்சில் உள்ளதே நிலைக்குத்தச்சிலும் ஏறிவிடும். ஆயுள், கல்வி இரண்டினதும் பெருக்கலிடையை (இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம்) எடுங்கள். வருமானத்துக்குக் கட்டாயம் மடக்கை (log). சுட்டெண்ணின் வருமானக் கூறிலும் மடக்கைதான்; கீழெல்லை 100 டொலர், மேலெல்லை 75,000. அதனால் 6,000 டொலர் 12,000 ஆனாலும் 12,000 டொலர் 24,000 ஆனாலும் அந்தக் கூறில் கூடுவது அதே 0.105தான்.

குறிப்பில் இரண்டு எச்சரிக்கையாவது சேர்க்கவேண்டும். 2022இல் எங்கள் பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது. வருமானம் விழுந்தால் எதிர்பார்த்த பேறும் விழும். ஆயுளும் பள்ளி ஆண்டுகளும் உடனே விழுவதில்லை. மருந்துக்குத் தட்டுப்பாடு வந்த வருடத்தில் குணகம் உயர்ந்து காட்டும்! பிள்ளைகள் அதை முன்னேற்றம் என்று எழுதிவிடக் கூடாது. பல வருடச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள்.

மற்றது, யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு உடனே விளங்கும். கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் காசு மொத்தத் தேசிய வருமானத்தில் சேராது. பதிலுக்கு எதுவும் கொடுக்காமல் வரும் காசு, அதாவது நடைமுறை மாற்றல் என்பதால், செலவிடத்தக்க வருமானத்தில்தான் சேரும். ஆனால் அந்தக் காசில் தங்கச்சி ரியூசனுக்குப் போகிறா, அம்மம்மாவின் கண் சத்திரசிகிச்சை நடக்கிறது. குணகத்தை வகுக்கும்போது பலன் மேலே எண்ணப்படுகிறது, காசு கீழே எண்ணப்படவில்லை. இலவச மருத்துவத்துக்கும் 1945இலிருந்து வந்த இலவசக் கல்விக்கும் உரிய பங்கு எவ்வளவு, வெளிநாட்டுக் காசுக்கு எவ்வளவு என்று பிரிக்க, செலவிடத்தக்க வருமானத்தை வைத்து இன்னொரு தரம் கணித்து இரண்டு குணகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.